கோரலீ டீச்சர் நடத்தாத எட்டாம் பாடம்

கோரலீ டீச்சரை யாரும் விரட்டவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் இது எதிர் வீட்டு ப்ரூனெல் காதில் ஏறாது. மாவுப் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்பாள், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதே பாட்டுதான்: "டீக்கன் ஹெஸ்ரன் பொண்டாட்டிய வெளிய தள்ளிட்டாரு. பின்ன என்ன? ஸ்கூல்ல வயசுப் பிள்ளைங்களுக்கு அசிங்கத்த சொல்லிக் குடுத்தா எந்தப் புருஷன் வீட்டுல வச்சிருப்பான்? ஷான்டேரா கெட்டுப்போனதே அந்தப் பாடத்தாலதான்."

இரண்டுமே பொய். விரட்டப்பட்டவள் துணிமணி எடுத்துக்கொண்டு போவாள். கோரலீ நெய்மூர் அன்று எடுத்துப் போனது ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு பழைய பயிற்சி நோட்டும்தான். எங்கள் தீவு ஊர் ப்ளம் கிரீக் முழுக்கப் பார்த்தது. அவளிடம் படித்த ஷான்டேராவை அந்தப் பாடம் கெடுத்தது என்பது அதைவிடப் பெரிய பொய். அந்தப் பாடத்தைக் கோரலீ நடத்தவே இல்லை. ஷான்டேராவுக்கு மட்டுமா, நான்கு வருஷமாக ஒரு பிள்ளைக்கும் நடத்தவில்லை. அவள் செய்த தப்பு அதுதான். திட்டுவதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கும்போது, இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறது இந்த ஊர்.

நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் விளங்கும்.

கோரலீ இந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்புக்கும் அவள்தான் தலைவி. புருஷன் ஹெஸ்ரன், மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போகிறவர், சபையில் பாஸ்டருக்கு அடுத்தபடியாக நிற்கும் டீக்கன். இரண்டு பேருக்கும் பிள்ளை கிடையாது. ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவளை டீச்சர் என்று கூப்பிடும், மீதி அத்தை என்று கூப்பிடும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் டீச்சர்களைத் தலைநகர் நசாவுக்கு வரச்சொல்லி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எச்.ஐ.வி. வராமல் பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்வதற்குப் பத்துப் பாடம். டீச்சருக்கு ஒரு புத்தகம், பிள்ளைக்கு ஒரு பயிற்சி நோட்டு, சாமான்கள் வைத்த ஒரு அட்டைப் பெட்டி. எட்டாவது பாடம் ஆணுறை பற்றியது. பெட்டியில் அதுவும் இருந்தது, செய்து காட்ட ஒரு மரக்கட்டையும் இருந்தது. பயிற்சி கொடுத்த சின்னப் பெண் சொன்னாள்: "டீச்சருங்களுக்குக் கூச்சமா இருக்கிற பாடம்தான் முதல்ல காணாமப் போகுது. தயவு பண்ணி அத விட்டுடாதீங்க." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோரலீ எல்லாரையும் முந்திக்கொண்டு, "நான் விடமாட்டேன்" என்றாள்.

பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

ஊருக்கு வந்து பத்தாம் வகுப்புக்கு ஏழு பாடம் நடத்தினாள் பாருங்கள், அப்படி ஒரு நடத்தல் இந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பெண்ணை வற்புறுத்தும் பையனாக அவளே நடித்தாள். "வேணாம்னா வேணாம்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தியது படகுத்துறை வரைக்கும் கேட்டது. பந்து விளையாடும் மைதானத்தில் ஒருவன் ஒருத்தியிடம் ஒரு கடி புளியம்பழம் கேட்டால்கூட, "வேணாம்னா வேணாம்!" நோய் எப்படி ஒட்டும், எப்படி ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, எல்லாம் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி சொல்லும். அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி ஷான்டேரா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் ஒரு படிவத்தில் குறி போட்டு நசாவுக்கு அனுப்ப வேண்டும். தபால் படகு வாரத்துக்கு ஒரு தடவைதான். செவ்வாய் வரும், புதன் நடுப்பகலில் கொம்பு ஊதிவிட்டுக் கிளம்பும், ஒருவருக்காகவும் நிற்காது. எட்டாம் பாடம் ஒரு புதன்கிழமை பின்நேரம் வந்து விழுந்தது. படகு பன்னிரண்டுக்கு, பாடம் ஒன்றரைக்கு. கோரலீ என்ன செய்தாள்? சாப்பாட்டு நேரத்திலேயே எட்டாம் கட்டத்தில் குறியைப் போட்டு உறையை ஒட்டிப் படகில் கொடுத்துவிட்டாள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் நடத்தத்தானே போகிறோம் என்று. படகுக்கு முந்திக்கொண்டு குறி போடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். சரக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே வந்தது என்று கையெழுத்துப் போடுகிறோமே, அது மாதிரி.

பின்நேரம் வகுப்புக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் ஹெஸ்ரனின் தங்கை பிள்ளைகள் இரண்டு பேர். அடுத்த வரிசை முழுக்கச் சபைப் பாடகர் குழு. ஜன்னலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் பாஸ்டர் வுட்சைட், ஆண்டுவிழாவைப் பற்றிப் பேச வந்தவர், விசிறிக்கொண்டு நிற்கிறார். பெட்டிக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது. மூடியை அழுத்தி மூடினாள்.

"இது அடுத்த வாரம். எல்லாரும் எந்திரிங்க, ஆண்டுவிழாப் பாட்ட ஒரு தடவ பாடிப் பாத்துடுவோம்."

அடுத்த வாரம் ஒன்பதாம் பாடம் வந்துவிட்டது. படிவமோ எட்டாவது முடிந்தது என்று நசாவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருத்த வேண்டுமானால் கடிதம் எழுத வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டாள். மறு வருஷம் அந்தக் கட்டத்தில் குறி போடுவதற்குள் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தாள். அதற்கு அடுத்த வருஷம் வைக்கவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்து, அலமாரி மேல் ஹெஸ்ரனின் தொப்பிப் பெட்டிக்கு அடியில் போனது.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஹெஸ்ரன் படகில் போயிருந்தார். கோரலீ சமையலறையில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கம் ஷான்டேரா வந்து நின்றாள். பத்தொன்பது வயது, மீன்பிடி விடுதியில் வேலை, வயிற்றில் நாலு மாதம்.

"டீச்சர், உள்ள வரலாமா?"

"வா மகளே. அந்தக் கூடைய கீழ வச்சுட்டு உக்காரு. நின்னா கால் வீங்கும்."

"வயிறு தெரியுதா டீச்சர்?"

"ஊருக்கே தெரிஞ்சுடுச்சு. இனிமே வயிறு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? வாந்தி நின்னுச்சா?"

"அதுக்கு வரல டீச்சர்." பெண் கையைப் பிசைந்தாள். "குழந்தைக்கு அப்பன் நசாவுலேருந்து போன் பண்ணான். அவனுக்கு ரத்தம் பாத்தாங்களாம். இருக்காம்."

என்ன இருக்கிறது என்று கோரலீ கேட்கவில்லை.

"நர்ஸ் ஆம்பிரிஸ்டர் நேத்து என் ரத்தத்த எடுத்து ப்ளேன்ல அனுப்பிட்டாங்க. பதில் வர ரெண்டு வாரம் ஆகுமாம். நோய் இருந்தாலும் மருந்து இருக்கு, குழந்தைக்குப் போகாம பாத்துக்கலாம்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க. ஆனா எனக்குச் சோறு எறங்கல."

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். பத்தாம் வகுப்புப் பயிற்சி நோட்டு. ஏழாம் பாடம் வரைக்கும் பக்கம் பக்கமாக எழுத்து, ஓரத்தில் கோரலீயின் சிவப்பு மை. எட்டாம் பாடத்தில் தலைப்புக்குக் கீழே பென்சிலில் 'அடுத்த வாரம்' என்று ஒரே வரி. மற்றதெல்லாம் வெள்ளை. எழுத்து தெரியாதவர்கூட அந்தப் பக்கத்தைப் படித்துவிடலாம்.

"நீங்க அத நடத்தியிருந்தா நான் ஒழுங்கா இருந்திருப்பேன்னு சொல்ல வரல டீச்சர். அது யாருக்குத் தெரியும்? ஆனா மத்த பாடத்த எப்படி நடத்தினீங்க! மேசை மேல ஏறி நின்னீங்க. எட்டாவதுக்குப் பெட்டிய திறந்தீங்க, ஜன்னலப் பாத்தீங்க, மூடிட்டீங்க. உங்க முகமே மாறிப்போச்சு. அன்னைக்கி நான் ஒண்ணு படிச்சுக்கிட்டேன். கோரலீ டீச்சரே வாயத் திறக்க முடியாத சங்கதின்னா, அத யாருகிட்டயும் கேக்கக் கூடாதுன்னு." மூக்கை உறிஞ்சினாள். "க்ளினிக் வாசல் வரைக்கும் மூணு தடவ போனேன் டீச்சர். என்னடி வேணும்னு நர்ஸ் கேட்டாங்க. தலைவலி மாத்திரைன்னேன். மூணு தடவையும் தலைவலி மாத்திரை."

கோரலீயின் கை துவரங்காயில் அப்படியே நின்றது. எழுந்து அந்தப் பெண்ணின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நோட்டு என்கிட்ட இருக்கட்டும்," என்றாள் கடைசியில்.

அன்றிலிருந்து கோரலீயைப் பயம் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால் கல்லாவில் நிற்கும் பையன் ஷான்டேராவின் வகுப்பு. படகுத்துறைக்குப் போனால் கயிறு இழுக்கிறவன் அதற்கு அடுத்த வருஷத்து வகுப்பு. சபையில் புதுப் புருஷன் தோளில் சாய்ந்து பாடுகிறவள் மூன்றாம் வருஷம். ஒவ்வொரு முகத்தைப் பார்த்ததும் அந்த வெள்ளைப் பக்கம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். நான்கு வகுப்பிலும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர். யாராவது இருமினால் திரும்பிப் பார்த்தாள். வானத்தில் ப்ளேன் சத்தம் கேட்டால் சாக்பீஸ் கையோடு அசையாமல் நின்றாள்.

"உனக்கு என்னடி ஆச்சு?" என்று ஹெஸ்ரன் கேட்டார். "வேகவச்ச மீனுக்கு உப்ப ரெண்டு தடவ போட்டிருக்க."

"அப்படியா?" என்றாள்.

ஞாயிறு வந்தது. கல்யாணம் ஆகாமல் பிள்ளை உண்டானால் இங்கே சபையில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்கள். பாடகர் குழுவில் நிற்கக் கூடாது, திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. பிள்ளை பெற்று, சபை முன்னால் எழுந்து மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் அந்த பெஞ்சுதான். இந்த ஊரில் நல்ல நல்ல பெண்களெல்லாம் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள். ப்ரூனெலும் உட்கார்ந்தவள்தான், அவளுக்கு அது மறந்துவிட்டது. பாஸ்டர் ஷான்டேராவின் பெயரைச் சொன்னார். ஷான்டேரா தன் பாட்டு அங்கியை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து கோரலீயும் எழுந்தாள். தலையில் ஊதா இறகு வைத்த பெரிய தொப்பி. அந்தத் தொப்பி எங்கே போகிறது என்று சபை முழுக்கக் கழுத்தைத் திருப்பியது. கடைசி பெஞ்சுக்குப் போய், பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஹெஸ்ரனின் 'ஆமென்' பாதியிலேயே நின்றுபோனது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ப்ரூனெல் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், நீ வெதச்சது எப்படி வளருதுன்னு பக்கத்துல உக்காந்து பாக்குறியா?"

"உன் வாய்க்கு ஒரு நாளாவது லீவு குடேன் ப்ரூனெல்."

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? மரக்கட்டையும் ரப்பரும் வச்சுப் பாடம் நடத்துறீங்கன்னு ஊருக்கே தெரியும்."

'நான் அதை நடத்தவே இல்லை.' இந்த நாலு வார்த்தை போதும். சொன்னால் அந்த நிமிஷமே ஊர் அவள் பக்கம். பாஸ்டரே அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "சிஸ்டர் கோரலீ, வர்ற ஞாயிறு எழுந்து நின்னு, இனிமே அந்தப் பாடத்தத் தொடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. எல்லாம் அடங்கிடும்." நாலு வார்த்தையும் பல்லு வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தாள். எதிரே ஷான்டேரா தலையைக் குனிந்துகொண்டு வேலியோரம் போய்க்கொண்டிருந்தாள். கோரலீ வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஷான்டேரா கையை ஆட்டினாள். கோரலீ வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன.

"இல்லையாம் டீச்சர். இந்தத் தடவ இல்லையாம்."

"கர்த்தாவே!" கோரலீ வேலிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கணுமாம். கடைசியா அவனப் பாத்து அஞ்சு வாரம்தான் ஆகுது. நோய் இருந்தாலும் ரத்தத்துல இப்பவே காட்டாதாம். அது வரைக்கும் நிச்சயமாச் சொல்ல முடியாதாம்."

"தெரியும்," என்றாள் கோரலீ. தெரியாமல் என்ன, ஆறாம் பாடத்தில் அவளே சொல்லிக்கொடுத்ததுதான்.

அன்று சாயங்காலம் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அந்த வாரம் புதன்கிழமை இந்த வருஷத்து எட்டாம் பாடம். வகுப்பில் பதிமூன்று பேர். ஆணுறைப் பொட்டலத்தை எடுத்ததும் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் வரி. பார்த்தாள். தேதி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக க்ளினிக்குக்குப் போனாள். ரத்த அழுத்தம் பார்க்க ப்ரூனெலோடு நாலு பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். நர்ஸ் ஆம்பிரிஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"என்ன சிஸ்டர் கோரலீ? தலைவலியா?"

"தலைவலி இல்ல. ஆணுறை வேணும். ஒரு பெட்டி."

பெஞ்சில் ஒருத்தி கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டாள்.

"ஒரு பெட்டியா!" என்றாள் ப்ரூனெல். "டீக்கனுக்கு இந்த வயசுல அவ்வளவு தெம்பா?"

பெஞ்சே குலுங்கியது. கோரலீக்குக் காது கொதித்தது. ஆனாலும் வாசலைவிட்டு நகரவில்லை.

"பாடத்துக்கு. நாளைக்குப் பத்தாம் வகுப்புக்கு நடத்தப்போறேன். தேதி பாத்துக் குடு நர்ஸ்."

வாங்கிக்கொண்டு அவள் வீடு சேருவதற்குள் செய்தி அவளை முந்திக்கொண்டு போய்விட்டது.

புதன் நடுப்பகல். எல்லாரையும் போல அவளும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். துவரையும் சோறும் சேர்த்துச் சமைத்தது, பொரித்த மீன். ஹெஸ்ரன் தட்டைத் தொடவில்லை. மேசைமேல் அட்டைப் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு கடிதம். முதல் நாள் சாயங்காலம் அவள் எழுதியது. நான்கு வருஷமும் எட்டாம் கட்டத்தில் நான் போட்ட குறி பொய், அந்தப் பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப்பிடித்து அந்தப் பாடத்தை நானே சொல்கிறேன், அதற்கு மேல் என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள் என்று. ஹெஸ்ரன் அதை மூன்றாம் தடவையாகப் படித்தார்.

"வேல போயிடும்டி. பென்ஷனுக்கு நாலு வருஷம்தான் இருக்கு."

"போகலாம்."

"அந்தப் பொண்ணுக்கு இல்லன்னு வந்துடுச்சு. கர்த்தர் காப்பாத்திட்டாரு. முடிஞ்சத ஏன் கிளறுற?"

"அவளுக்கே இன்னும் நிச்சயம் இல்ல ஹெஸ்ரன். மூச்ச பிடிச்சுக்கிட்டு இருக்கா. மத்த அம்பத்தேழு பேரு? அவங்க ரத்தத்த யாரு பாத்தா?"

"அதுக்கு நீ மட்டும்தான் பொறுப்பா? ஆத்தா அப்பன் இல்ல?"

"ஆத்தா அப்பன் குறி போடல. நான்தான் போட்டேன்."

ஹெஸ்ரன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மோசமான மனிதர் இல்லை அவர். முப்பது வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை. ஆனால் அன்று காலையில் துறையில் நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள், முந்தின நாள் பாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். குரல் உடைந்துபோய்ச் சொன்னார்:

"அந்தப் பெட்டியோட இந்தக் கதவத் தாண்டினா, சபையில எழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நீ திரும்ப உள்ள வரணும். சொல்லிட்டேன்."

ப்ரூனெல் சொல்லும் 'தள்ளிவிட்டார்' இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அப்போது துறையில் தபால் படகு கொம்பு ஊதியது. நான்கு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் அவள் கை தானாகப் பேனாவைத் தேடும். படிவம் சமையல் மேடைமேல் கிடந்தது, எட்டாம் கட்டம் காலியாக. கோரலீ அதைப் பார்த்தாள். எடுத்து, கடிதத்தோடு சேர்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஷான்டேராவின் நோட்டை அதன்மேல் வைத்து மூடினாள்.

"அது அடுத்த வாரப் படகுல போகட்டும்," என்றாள். "நடத்தி முடிச்சிட்டுக் குறி போடுறேன்."

"கோரலீ."

"மன்னிப்புக் கேக்கத்தான் போறேன் ஹெஸ்ரன். ஆனா சபைகிட்ட இல்ல."

பெட்டி பெரியது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தொப்பி எடுக்கவில்லை, குடை எடுக்கவில்லை, மாற்றுத் துணி எடுக்கவில்லை. ராத்திரி எங்கே படுப்பது என்பதை அவள் அதுவரை யோசிக்கவே இல்லை. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் ப்ரூனெல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். இரண்டாவது கொம்பு ஊதியது. கோரலீ கம்பிவலைக் கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, மூன்று படியிலும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி, ஒன்றரை மணி வகுப்புக்கு நடந்தாள்.